கவிஷா கடலுக்குப் போகிறாள்

மலைக் குளிரில் வெயிலை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. கேமரன் மலையின் அந்தத் தேயிலைத் தோட்டத்திலும் அப்படித்தான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தர்மேந்திரனின் சிநேகிதன் ரூபனுக்குப் பிறந்தநாள் என்று எல்லாருமாகத் தேயிலைச் சரிவில் பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சிலுசிலுவென்று காற்று. தர்மேந்திரனின் மகள் கவிஷாவுக்கு ஒன்றரை வயது. கையில்லாத கவுனோடு காலை முழுக்கச் செடி வரிசைகளுக்கு நடுவே ஓடித் திரிந்தாள். சாயங்காலம் யுவனேஸ்வரி மகளைத் தூக்கப் போனாள். கை தோளில் பட்டதுதான் தாமதம், குழந்தை வீரிட்டு அழுதது. தோள் அனலாகக் கொதித்தது.

காய்ச்சல் என்று நினைத்துத் தானா ராத்தா டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கிளினிக்கில் இருந்த தாதி கவுனை இறக்கிப் பார்த்துவிட்டு, "வெயில் சுட்டுருக்கு. கறுத்த தோல்ல சிவப்பு அவ்வளவா தெரியாது, தொட்டாத்தான் தெரியும்," என்றாள். இரண்டு நாள் கழித்துத் தோளில் தோல் வெங்காயச் சருகு போல உரிந்து வந்தது.

யுவனேஸ்வரி அழுது புலம்புகிற ஆள் இல்லை. தோட்டத்துத் தேநீர்க் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவள்; பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் சுற்றுப்பயணிகளை ஒற்றை ஆளாகச் சமாளிப்பவள். மகளின் தோளுக்குக் கற்றாழை தடவியபடியே, வெயிலைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தாள்.

அந்த நேரத்தில்தான் ஈப்போவிலிருந்து அன்பரசி போன் செய்தாள். அன்பரசி தர்மேந்திரனின் அக்கா. பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். தாய் இல்லாத தம்பியைத் தன் தோளில் போட்டு வளர்த்தவள், அதனால் அவள் சொன்னால் தர்மேந்திரனுக்கு மறுபேச்சுக் கிடையாது.

"பள்ளி விடுமுறைக்குத் தெலுக் பாத்தேக்ல கடலோரமா வீடு புக் பண்ணிட்டேன். மூணு நாளு. நீங்க ஆளா வந்து சேர்ந்தாப் போதும்," என்றாள்.

தர்மேந்திரனுக்குத் தலைகால் புரியவில்லை. கவிஷா கடலைப் பார்த்ததே இல்லை. யுவனேஸ்வரிக்கும் சந்தோஷம்தான். ஆனால் கீழே சமவெளியில் வெயில் கொளுத்துகிறது, நண்பகலில் வெளியே போகாதீர்கள் என்று தினமும் போனில் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. இந்தக் குளிரிலேயே சுட்ட வெயில், அங்கே மணலிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்பி என்னவெல்லாம் செய்யும்?

"பாப்பாவுக்கு வெயிலுக்குத் தேவையானதெல்லாம் வாங்கணுங்க," என்றாள்.

தர்மேந்திரன் கொழுந்து ஏற்றும் லோரியின் டிரைவர். ஜன்னலில் வைத்து ஓட்டி ஓட்டி அவனுடைய வலது கை, இடது கையைவிட இரண்டு மடங்கு கறுத்திருக்கும். அந்தக் கையை நீட்டிக் காட்டினான். "எதுக்கு யுவா? நம்ம தோலு எல்லாத்தையும் தாங்கும், தாஹான் பண்ணும் லா. அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு."

"தாஹான் பண்ணுன தோலா போன மாசம் உரிஞ்சுச்சு?"

அவன் கையை மடக்கிக்கொண்டான். "சரி, எப்பக் கடைக்குப் போகணும்?"

முதலில் தொப்பி. தர்மேந்திரனே ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். கரடிக் காது வைத்த குட்டித் தொப்பி, முன்னால் மட்டும் விளிம்பு. கவிஷா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்துக் கைதட்டினாள். கடைக்காரப் பெண்ணும் கைதட்டினாள். யுவனேஸ்வரி குழந்தையைக் கடைவாசலுக்குத் தூக்கிப் போனாள். வெயிலில் நிறுத்தி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொன்னாள்: "நெத்தியில மட்டும்தான் நிழல் விழுது. காது ரெண்டும் வெளியில, பிடரி வெளியில. வேணாங்க."

"காதுக்கு மேலயே ரெண்டு காது இருக்கே," என்றான் தர்மேந்திரன்.

"அது கரடிக்கு."

கடைசியில் சுற்றிலும் அகல விளிம்பும், பின்னால் கழுத்தை மூடத் தொங்கும் துணியும், தாடைக்குக் கீழே முடிச்சும் உள்ள நீலத் தொப்பி ஒன்றை எடுத்தாள். அழகில் கரடிக்குப் பக்கத்தில்கூட நிற்காது. கவிஷா அதைத் தலையில் வைத்த மாத்திரத்தில் பிடுங்கித் தரையில் வீசினாள். அம்மா மறுபடி வைத்தாள், மகள் மறுபடி வீசினாள். தர்மேந்திரன் கரடித் தொப்பியைப் பார்த்தான்.

"பழக்கிடலாம்," என்று யுவனேஸ்வரி நீலத் தொப்பிக்குக் காசைக் கொடுத்தாள்.

துணி வாங்கும்போதும் அப்படியே. நீளக் கை வைத்த நீச்சல் சட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, உள்ளே கையை விட்டு, டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். விரல் தெரிந்தால் திருப்பி வைத்தாள். விரல் தெரியாத கெட்டித் துணியில் குழந்தைக்கு ஒன்றும் தனக்கு ஒன்றும் வாங்கினாள். ஃபார்மசிக்குப் போய், குழந்தைக்குப் பூசுகிற க்ரீம் எது, எத்தனை மணிக்கு ஒருதரம் பூச வேண்டும், தண்ணீரில் நனைந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். பின்னால் நின்றவர்கள் கனைத்ததை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாங்கி வந்த க்ரீமை நேராக முகத்தில் பூசிவிடவில்லை. குழந்தையின் முழங்கைக்கு உள்பக்கம் ஒரு பொட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தாள். மறுநாள் காலையில் அந்த இடத்தில் பொடிப்பொடியாகத் தடித்திருந்தது. தான் பார்த்துப் பார்த்து வாங்கியது இப்படிப் பண்ணிவிட்டதே என்று ஒரு நிமிஷம் சுருக்கென்றது. பிறகு குழந்தையின் கையைக் கழுவினாள். வேலை முடிந்த கையோடு ஃபார்மசிக்குப் போய், வாசனை சேர்க்காத வேறொன்றை வாங்கி வந்தாள். அதையும் பொட்டு வைத்துப் பார்த்தாள். அது ஒத்துக்கொண்டது. ஒரே குறை, பூசினால் மாவு பூசின மாதிரி வெள்ளையாக நிற்கும்.

தொப்பிப் பழக்கம்தான் பெரும்பாடாக இருந்தது. பெரியவர்கள் செய்வதையெல்லாம் செய்து பார்க்கிற வயது கவிஷாவுக்கு. அது யுவனேஸ்வரிக்கு ஞாபகம் வந்தது. அன்று இரவுச் சாப்பாட்டுக்குத் தானும் ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தர்மேந்திரனையும் போட வைத்தாள். குழந்தை இருவரையும் மாறிமாறிப் பார்த்தது. தன் நீலத் தொப்பியைத் தானே இழுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டது.

அப்படி மூன்று பேரும் தொப்பியோடு சோறு தின்றுகொண்டிருக்கும்போது ரூபன் உள்ளே வந்தான். பக்கத்து ஊரான திரிங்காப்பில் பூந்தோட்டம் வைத்திருப்பவன். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னடா, கூரை ஒழுகுதா?"

விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்து முடித்ததும், "கடற்கரையில நிழலுக்கு என்ன பண்ணப் போறீங்க? குடையை நம்பாதீங்க, காத்துல பறந்துரும். பூச்செடிக்கு மேல கட்டுற கறுப்பு வலை என்கிட்ட நிறைய மிச்சம் கிடக்கு. எடுத்துட்டுப் போங்க," என்றான்.

அடுத்த நாளே வலை வந்தது. யுவனேஸ்வரி அதையும் வெயிலில் விரித்து, கீழே கையை நீட்டிப் பார்த்தாள். கை மேல் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழுந்தது. "இது செடிக்குச் சரி. பிள்ளைக்கு ரெண்டு மடிப்பாப் போடணும்," என்றாள். தர்மேந்திரன் இப்போதெல்லாம் எதிர்த்துப் பேசுவதை நிறுத்தியிருந்தான். உட்கார்ந்து வலையை மடித்துத் தைக்க ஆரம்பித்தான்.

புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அன்பரசி கார் ஓட்டிக்கொண்டு மலை ஏறி வந்தாள். கூட அவள் மகள் நளினி, பதினாலு வயது, இரண்டாம் படிவம் படிக்கிறவள். அன்பரசி வந்தால் வீடு நிறைந்துவிடும். முறுக்கு, கேக், குழந்தைக்குக் கொலுசு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கடைசியில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி.

"யுவா, இது பாப்பாவுக்கு. கொரியா சாமான். என் கடையில வர்றவங்க தேடித் தேடி வாங்குறாங்க. வெயிலும் தாக்காது, கலரும் வரும்."

யுவனேஸ்வரி பெட்டியைத் திருப்பி, பின்னால் இருந்த பொடி எழுத்தை வாசித்தாள். "அண்ணி, இதுல பெரியவங்களுக்கு மட்டும்னு போட்டுருக்கே."

"அது சும்மா போடுவாங்க. கொஞ்சமாப் பூசு. இந்த வயசிலேயே ஆரம்பிச்சாத்தான் கலர் நிக்கும்."

"நான் வெயிலுக்குத்தான் அண்ணி க்ரீம் தேடுனேன். கலருக்கு இல்ல. அது வாங்கியாச்சு."

அன்பரசியின் முகம் மாறியது. தர்மேந்திரன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டான்.

"உனக்கு என்ன, நீ சொல்லுவே. உன் கலரு அப்படி," என்றாள் அன்பரசி. குரல் தாழ்ந்திருந்தது. "இந்தப் பிள்ளை என்னைக் கொண்டு பொறந்திருக்கு. எனக்குத்தான் தெரியும் யுவா. ஸ்கூல்ல டான்ஸுன்னா நான் எப்பவும் கடைசி வரிசை. பொண்ணு பார்க்க வந்தவங்க, நான் காப்பித் தட்டோட நிக்கும்போதே, இவளுக்குத் தங்கச்சி யாரும் இருக்காங்களான்னு கேட்டாங்க. தட்டைக் கீழ வைக்கவும் தெரியல, உள்ள போகவும் தெரியல. அந்த மாதிரி இந்தப் பிள்ளை நிக்கக்கூடாது. அதுக்குத்தான் சொல்றேன்."

யுவனேஸ்வரிக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அன்பரசி இதை அவளிடம் சொன்னதில்லை. ஆனாலும் பெட்டியைத் திறக்க அவளால் முடியவில்லை. நாத்தனாரின் கையைப் பிடித்து, அதை அந்தக் கையிலேயே மெதுவாக வைத்தாள்.

"கேட்டவங்களுக்கு வெக்கமில்ல அண்ணி. உங்க மேல என்ன தப்பு? பாப்பா உங்களை மாதிரி வந்தா எனக்குச் சந்தோஷம்தான். கடை வச்சு, கார் வாங்கி, எங்களையெல்லாம் கடலுக்குக் கூட்டிட்டுப் போற ஆளு நீங்க. ஆனா இதை அவ மூஞ்சில பூசமாட்டேன்."

"சரி. உன் பிள்ளை," என்று அன்பரசி பெட்டியைக் கைப்பைக்குள் போட்டாள். கோபமா, வருத்தமா என்று சொல்ல முடியவில்லை. நளினி கதவு நிலையில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் இரண்டு காரில் இறங்கினார்கள். மலை வளைவுகள் முடிந்து சமவெளி வந்ததும் காருக்குள்ளேயே சூடு தெரிந்தது. தெலுக் பாத்தேக் போய்ச் சேரும்போது உச்சி வெயில். கண் கூசும் மணலும் அதற்கு அப்பால் கடலுமாகக் கிடந்தது. தர்மேந்திரன் காரை நிறுத்துவதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டான்.

"இப்ப யாரும் இறங்க வேணாம்," என்றாள் யுவனேஸ்வரி. "சாப்பிட்டு, தூங்கி, வெயில் சாயட்டும்."

"கடலை வச்சுக்கிட்டுத் தூங்கவா யுவா?"

"கடல் எங்கயும் போகாதுங்க."

வெயில் சாய்ந்த பிறகு தர்மேந்திரன் இரண்டு மரங்களுக்கு நடுவே வலையை இழுத்துக் கட்டினான். ஒருதரம் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய் அடுத்த குடும்பத்தின் சாப்பாட்டின் மேல் போட்டது. மன்னிப்புக் கேட்டு எடுத்து வந்து, லோரியில் சாக்கு கட்டுகிற முடிச்சைப் போட்டான். அதற்குப் பிறகு அது அசையவில்லை. கவிஷா நீலத் தொப்பியும் நீளக் கைச் சட்டையுமாக, மூக்கிலும் கன்னத்திலும் புறங்கையிலும் வெள்ளை க்ரீமோடு தண்ணீரின் விளிம்பில் நின்றாள். முதல் அலை காலைத் தொட்டதும் அம்மாவின் மேல் ஏறிக்கொண்டாள். இரண்டாவது அலைக்கு ஒரு காலை மட்டும் நீட்டினாள். அதற்கப்புறம் அவளைக் கரைக்கு இழுத்து வருவதே வேலையாகிவிட்டது.

நளினி மட்டும் வரவில்லை. வீட்டுத் தாழ்வாரத்தில் முழுக்கால் பேண்ட்டோடு போனை நோண்டிக்கொண்டிருந்தாள். நன்றாக இருட்டிய பிறகுதான் அன்பரசி அவளை மணலில் கொஞ்சம் நடக்க விட்டாள்.

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன்பே யுவனேஸ்வரி குழந்தையோடு கடற்கரைக்கு வந்துவிட்டாள். சற்று நேரத்தில் நளினி வலைக்குக் கீழே வந்து நின்றாள்.

"அத்தை, எனக்கு நல்லா நீச்சல் தெரியும்."

"எங்கடா கத்துக்கிட்டே?"

"ஸ்கூல்ல. கூரை போட்ட பூல். கூரை இருக்குன்னுதான் அம்மா விட்டாங்க. கடல்ல நீந்துனதே இல்ல." அவள் கண் தண்ணீரைவிட்டு நகரவில்லை. "நான் கேட்டா அம்மா அழுதுருவாங்க. அதான் கேக்குறதில்ல."

யுவனேஸ்வரி குழந்தையைத் தர்மேந்திரனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அன்பரசி தாழ்வாரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். யுவனேஸ்வரி எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, தொப்பி, சட்டை, க்ரீம், வலைன்னு நான் இத்தனை நாளு அலைஞ்சது எதுக்கு? பாப்பா வெளியில விளையாடணும்னுதானே? வீட்டுக்குள்ள உட்கார வைக்கிறதுன்னா இதுல ஒண்ணுமே வாங்கத் தேவையில்லையே."

"இப்ப என்ன சொல்ல வர்றே?"

"நளினி கடல்ல இறங்கட்டும். வெயில் ஏறுறதுக்குள்ள வந்துரலாம். தோலு சுடக்கூடாது, அது நம்ம பொறுப்பு. கலரு கொஞ்சம் மாறினா மாறிட்டுப் போகட்டும்."

அன்பரசி கோப்பையைக் கைக்குள் சுழற்றினாள். "பேசுறது சுலபம்," என்றாள்.

"சுலபம்தான் அண்ணி. ஆனா அவ உங்ககிட்ட இதைக் கேக்கவே பயப்படுறா. நீங்க அழுதுருவீங்களாம்."

அன்பரசி நிமிர்ந்தாள். வலைக்குக் கீழே மகள் நின்றிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, யாரோ போட்ட கோட்டைத் தாண்டாதவள் போல நிழலின் ஓரத்திலேயே நின்றிருந்தாள். அன்பரசி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அவகிட்ட நீளக் கைச் சட்டை இல்லையே," என்றாள்.

"என்னோடது இருக்கு. அவளுக்குச் சரியா இருக்கும்."

நளினி சட்டையை மாற்றிக்கொண்டு ஓடி வந்தாள். கையில் முதலில் ஒரு பொட்டு வைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டாள் யுவனேஸ்வரி. "எனக்கு அம்மா பூசாத க்ரீமே இல்ல அத்தை, எதுவும் ஆகாது," என்று நளினி முகத்தைக் காட்டினாள். யுவனேஸ்வரி தாராளமாகப் பூசிவிட்டாள். நெற்றி, கன்னம், மூக்கு எல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிட்டது. நளினி போனைத் திருப்பித் தன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பினாள்.

"அம்மா, இங்க பாருங்க! ஒரே நாள்ல வெள்ளையாயிட்டேன்!"

அன்பரசி அவளை முறைத்தாள். முறைப்பு நிற்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள்; தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று தர்மேந்திரன் பதறிப் பக்கத்தில் வந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "போடி, பேய் மாதிரி இருக்கே. போ, நீந்து. தூரமாப் போகாதே!"

நளினி தண்ணீருக்குள் பாய்ந்தாள். இடுப்பளவு வந்ததும் தலையை உள்ளே விட்டு, கரையோரமாகவே நீந்த ஆரம்பித்தாள். கை ஒரே சீராக விழுந்து எழுந்தது. பள்ளிக்கூடத்தில் இவ்வளவு நன்றாக நீந்தக் கற்றிருக்கிறாள் என்று அன்பரசிகூட நினைத்ததில்லை. அன்பரசி மணலில் அவளுக்கு இணையாக நடந்தாள். மகள் திரும்பினால் அவளும் திரும்பினாள். "பார்த்தியா தம்பி, எப்படிப் போறா பாரு!" என்று கத்தினாள். கணுக்கால் வரை தண்ணீரில் நின்றுகொண்டிருப்பது அவளுக்கே தெரியவில்லை. கவிஷாவும் நளினியைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு தன் அப்பாவின் இடுப்பிலிருந்து அந்தப் பக்கம் எக்கினாள்.

வெயில் ஏறியதும் யுவனேஸ்வரி எல்லாரையும் கூப்பிட்டாள். தர்மேந்திரன் இன்னும் கொஞ்ச நேரம் என்று இழுத்தான். அவனுக்குப் பதில் சொன்னது அன்பரசி.

"அவ கூப்பிடுறால்ல, வாடா மேல. சாப்பிட்டுத் தூங்கிட்டு வெயில் இறங்கினதும் வரலாம்."

அன்று சாயங்காலம் அன்பரசி தானே முதலில் இறங்கினாள். அவளுக்கு நீந்தத் தெரியாது. நளினி அம்மாவின் முதுகுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்து, "மூச்சை இழுத்துப் பிடிங்கம்மா. வயித்தை இறுக்காதீங்க. நான் பிடிச்சிருக்கேன்," என்றாள். அன்பரசி இரண்டு தடவை மூழ்கி, உப்புத் தண்ணீரைக் குடித்து, கடலையும் மகளையும் சேர்த்துத் திட்டினாள். மூன்றாவது தடவை மிதந்தாள். முகம் முழுக்க வெயிலடிக்க, கண்ணை மூடிக்கொண்டு, "விட்டுறாதடி," என்றாள். நளினி கையை எடுத்து அதற்குள் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.